ஏரி வற்றும்போது போங்கள்

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வந்தவர்கள், கிரிவலம் முடித்த கையோடு மலைக்குத் தெற்கே இருக்கும் சமுத்திரம் ஏரிப் பக்கம் பறவை பார்க்கப் போவதுண்டு. நல்ல மழை பெய்த வருடமென்றால் ஏரி தளும்பி நிற்கும். “இவ்வளவு தண்ணி இருக்கு, பறவையைக் காணோமே!” என்று திரும்பிவிடுவார்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏரி நிரம்பினால் பறவையும் நிறைய வரும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். நீர்ப்பறவைக்குத் தண்ணீர் வேண்டும், சரி. எவ்வளவு ஆழத்தில் வேண்டும் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

நம் ஊர் ஏரி, சரிந்து கிடக்கும் நிலத்தில் தாழ்ந்த பக்கமாக மண்கரை போட்டு, ஓடிவரும் மழைநீரைத் தடுத்து நிறுத்தியது. தட்டில் ரசத்தை ஊற்றி ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். மதகு இருக்கும் கரையோரம் ஆழம். எதிர்ப்பக்கம் போகப் போக முழங்கால் அளவு, கணுக்கால் அளவு, அப்புறம் வெறும் சேறு. அந்தப் பக்கத்தை உள்வாய் என்பார்கள்.

நீர்க்காகமும் முக்குளிப்பானும் முங்கி இரை பிடிப்பவை. ஆழம் அவற்றுக்குப் பொருட்டில்லை. கொக்கும் நாரையும் நின்று மேய்பவை. கால் எட்டாத இடத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. குளிர்காலத்தில் வடக்கே வெகு தொலைவிலிருந்து தமிழக ஏரிகளுக்கு வரும் ஊசிவால் வாத்து நன்றாக நீந்தும். ஆனால் மேயும்போது வாலைத் தூக்கிக் கவிழ்ந்து, கழுத்து எட்டுகிற ஆழம் வரைதான் துழாவும். உள்ளான்களுக்கோ ஈரச் சேறு வேண்டும்.

மஞ்சள் மூக்கு நாரையைச் சற்று நேரம் கவனியுங்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் அலைத்துக்கொண்டே நடக்கும். நடுவே ஒரு காலால் சேற்றைக் கிளறும். கண்ணால் தேடுவதைவிட அலகின் தொடுஉணர்வையே அது நம்புகிறது. மீன் பட்டதும் கப்பென்று மூடிக்கொள்ளும். கலங்கல் நீரில்கூட இரை கிடைப்பது இதனால்தான். ஆனால் மீன் வந்து அலகில் பட வேண்டுமே! தளும்பும் ஏரியில் மீன்கள் சிதறிக் கிடக்கும். பாசனத்துக்கு நீர் போய், வெயிலும் உறிஞ்ச, ஏரி சுருங்கச் சுருங்க அதே மீன்கள் சின்ன இடத்தில் நெருங்குகின்றன. ஏரி வற்றுகிறதே என்று நாம் வருத்தப்படும் நாட்கள்தான் நாரைகளுக்கு விருந்து.

ஆகவே தை, மாசியில் போங்கள். விடிந்ததும் போய், வெயில் முதுகில் விழும்படி நின்று, உள்வாய்ப் பக்கமாகத் தேடுங்கள். பொங்கலையொட்டிப் போனால் இன்னொன்றும் செய்யலாம். 2015 முதல் ஆண்டுதோறும் அந்த நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் பார்த்து எண்ணி, ஈ-பேர்டு தளத்தில் பதிந்தால் நீங்களும் அதில் ஒருவர்.

உங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரும் பேச்சு வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கரைப்பக்கம் வண்டலை அள்ளட்டும், நல்லதுதான். உள்வாயின் சரிவை மட்டும் செங்குத்தாக வெட்டிக் குழியாக்காமல் அப்படியே விடச் சொல்லுங்கள். நாரைக்குக் கால் ஊன்ற அந்த இடம்தான் இருக்கிறது.