அடிக்கடி பிசகும் கணுக்கால்: துளை சிறியது, ஓய்வு பெரியது

"சுளுக்குத்தானே, எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும்." ரயில் நிலையப் படியில் கால் மடங்கி விழுந்தவருக்குக் கூட வருபவர் சொல்லும் ஆறுதல் இது. பெரும்பாலும் அது பலித்தும் விடுகிறது. ஆனால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வீக்கம் வடிந்த பிறகும் கால் பழைய நிலைக்கு வருவதில்லை. சற்று மேடுபள்ளத்தில் மிதித்தால் போதும், மறுபடி மடங்குகிறது. மூட்டை சுமப்பவர், சாரம் ஏறுபவர், நெரிசலில் நின்றபடியே ஆபீஸ் போகும் குமாஸ்தா ஆகியோருக்கு இது வெறும் வலி அல்ல. பிழைப்பையே பாதிக்கும் விஷயம்.

உள்ளே நடப்பது என்ன?

கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் மூன்று நார்கள் உள்ளன. இவற்றை டாக்டர்கள் 'லிகமெண்ட்' என்கிறார்கள். பாதம் உட்புறமாக மடங்கும்போது முதலில் கிழிவது முன்பக்கத்து நார். மடங்கல் பலமாக இருந்தால் குதிகால் எலும்போடு சேரும் நாரும் கிழியும். கிழிந்த நார் தொளதொளவென்று நீண்டு ஆறினால் மூட்டின் பிடிப்பு போய்விடுகிறது. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மந்தமாகிறது. நீண்டுபோன நாரை எந்தத் தைலமும் சுருக்காது. ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால், எலும்பு நுனிகளை மூடியுள்ள குருத்தெலும்பு கெட்டு மூட்டுத் தேய்மானம் வரலாம்.

முதல் மருந்து பயிற்சி

இதற்காக எல்லோரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. ஒற்றைக் காலில் நிற்பது, ஆடும் பலகையின் மேல் நின்று சமாளிப்பது, ரப்பர் பட்டையை இழுத்து வெளிப்பக்கத் தசைகளைப் பலப்படுத்துவது ஆகியவற்றை மூன்று முதல் ஆறு மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் குணம் தெரியும். வேலை நேரத்தில் கணுக்கால் பட்டை உதவும்.

இவ்வளவும் செய்தும் கால் மடங்கினால், எலும்பு சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். அவர் பாதத்தைக் கையால் முன்னுக்கு இழுத்துப் பார்ப்பார். எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கச் சொல்லலாம்.

துளை வழி ஆபரேஷன்

தளர்ந்த நாரை இறுக்கித் தைக்கும் முறையை 1966-ல் ஸ்வீடன் டாக்டர் புரோஸ்ட்ரம் வெளியிட்டார். 1980-ல் கூல்ட் என்ற டாக்டர் அதை மேலும் வலுப்படுத்தினார். அப்போதெல்லாம் தோலை நீளமாகக் கீறியே செய்தார்கள்.

மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் முயற்சியை 1918-ல் டோக்கியோவில் டாக்டர் டகாகி, இறந்தவரின் முழங்காலில் தொடங்கினார். கணுக்கால் மூட்டு மிகக் குறுகியது, அதற்கு இது சரிப்படாது என்று 1931-ல் நியூயார்க் டாக்டர் பர்மன் எழுதினார். பிறகு மெல்லிய குழாய்கள் வந்தன. 1972-ல் ஜப்பானிய டாக்டர் வாட்டனாபே 28 கணுக்கால்களை இப்படிப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார்.

இன்று ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு மூன்று துளைகள் போதும். ஒன்றில் காமிரா, மற்றவற்றில் கருவிகள். உப்பு நீர் செலுத்தி மூட்டை விரித்துக்கொண்டு, டெலிவிஷன் திரையைப் பார்த்தே வேலை நடக்கிறது. வெளிக்கணு எலும்பில் நூல் கோத்த சிறு முளையைப் பதித்து, அந்த நூலால் நாரை இழுத்துக் கட்டுகிறார்கள். குருத்தெலும்பில் சேதம் இருந்தால் அதையும் அப்போதே கவனிக்கலாம்.

காயம் சிறியது; ஆரம்ப வலியும் குறைவு. ஆனால் நரம்பில் பட்டால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும் அபாயம் உண்டு. குதிகால் கோணியிருப்பவர்களுக்கும், நார் அடியோடு நைந்தவர்களுக்கும் இது மட்டும் போதாது; எலும்பைச் சீர்செய்வதோ, வேறிடத்து நாரை எடுத்து வைப்பதோ தேவைப்படலாம்.

அவசரம் வேண்டாம்

ஏமாறுவது இங்கேதான். துளை சிறியது என்பதால் நார் சீக்கிரம் ஆறிவிடாது. தோல் இரண்டு வாரத்தில் கூடிவிடும். நார் உறுதிப்பட மாதங்கள் ஆகும். முதல் சில வாரம் கட்டு அல்லது பூட்ஸ், பிறகு பட்டையுடன் நடை, கூடவே பயிற்சி. நாற்காலி வேலைக்குச் சில வாரங்களில் திரும்பலாம். சுமை தூக்கவும் ஏணி ஏறவும் பொதுவாக மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும். தையல் பிரித்த மறுநாளே மூட்டை தூக்கினால் கட்டிய நார் மறுபடி தளரும்.

கூலி போகுமே என்ற கவலை நியாயமானது. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே விசாரிக்க வேண்டும். தகுதி இருந்தால், நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் 90 சதவீதம். அதற்குக் காயம்பட்ட உடனே முதலாளியிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைப்பது அவசியம். 'சுளுக்குத்தானே' என்று விட்டவர்கள் பின்னால் அதை நிரூபிக்கத் திண்டாடுகிறார்கள்.

ஓய்வெடுக்க ஊருக்குப் போவது நம்மவர் வழக்கம். இ.எஸ்.ஐ. பணம் பெறுபவர்கள் மருத்துவ அதிகாரியின் அனுமதியோடு போக வேண்டும். ஆபரேஷன் விவரச் சீட்டையும், என்ன பயிற்சி, எப்போதிலிருந்து என்ற குறிப்பையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு ஊர் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சியைத் தொடரலாம்.