கந்தோர்க் கணினிக்கு இட்ட கட்டளைகள்

ஹெந்தளையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறிக் கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் உத்தியோகம் பார்க்கச் செல்வோரிடம், கந்தோர் கொடுத்த மடிகணினியைப் பற்றி விசாரித்தால், பென் டிரைவ் திறக்கவில்லை, திரை தானே பூட்டிக்கொள்கிறது என்ற முறைப்பாடுகளே மிகுதியாகக் கிடைக்கும். இவற்றுக்குக் காரணமாகக் கந்தோர் இட்ட விதிகள் யாவை, எங்கிருந்து வந்தவை என்று கணினியிடமே கேட்டறியலாம் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

விண்டோஸ் 2000 பதிப்போடு வந்த ‘குரூப் பொலிசி’ என்னும் ஏற்பாடே, கந்தோரின் மத்திய சேர்வரிலிருந்து இவ்விதிகளை ஒவ்வொரு கணினிக்கும் அனுப்பி வைக்கிறது. தேடுபெட்டியில் சீ, எம், டீ என்ற மூன்றெழுத்துகளைத் தட்டித் திறக்கும் கறுப்புத் திரையில், ‘ஜிபிரிசல்ட்’ என்பதை, அதாவது ஜி, பி என்ற எழுத்துகளோடு ரிசல்ட் என்ற சொல்லை, ஆங்கில எழுத்துகளில் ஒரே சொல்லாக எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் ஆர் என்ற எழுத்தும் இட்டு என்டரை அழுத்தினால், பிரயோகமான விதித்தொகுப்புகள், விலக்கப்பட்டவை, அவை கடைசியாக வந்த நேரம், அனுப்பிய சேர்வர், நீங்கள் அங்கத்துவம் வகிக்கும் குழுக்கள் ஆகியவை வரிசையாகத் தோன்றும். கணினி முழுமைக்கும் உரிய பகுதியைப் பார்க்க மட்டும் நிர்வாகியின் அனுமதி வேண்டும்.

இக்கட்டளை எதையும் மாற்றுவதில்லை. ஆயினும் பார்ப்பது வேறு, உடைப்பது வேறு. அதிகாரமின்றிக் கணினியினுள் நுழைவதையும் அதன் உள்ளடக்கத்தை மாற்றுவதையும் இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆகையால், விதியொன்று வேலைக்கு இடையூறாயின், அறிக்கையைப் பிரதி செய்து நிர்வாகியிடம் எழுத்தில் காரணம் கேட்பதே உசிதம். கந்தோர் வைத்திருக்கும், தம்மைப் பற்றிய தரவுகளை அறியவும் திருத்தவும் கோரும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது. எனினும் அது ஒரே நாளில் முழுவதும் அமலுக்கு வந்த சட்டமன்று, கட்டங்கட்டமாக வருவது.

மெய்யான அபாயம், என் அபிப்பிராயத்தில், கைமாறிய மடிகணினியிலேதான் இருக்கிறது. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய பொருளில் முன்னைய நிறுவனத்தின் பிடி இன்னும் நீங்காதிருக்கலாம். அப்பொழுது அது பெயரளவில்தான் உங்களுடையது. இக்கட்டளை அதைச் சில வேளைகளில் காட்டிவிடும். ஆனால் இணையத்தின் வழியே நிர்வகிக்கப்படும் கணினிகளின் விதிகள் இதில் முழுமையாகத் தெரிவதில்லை என்பதால், செட்டிங்ஸில் கணக்குகள் என்ற பகுதியில் வேலை அல்லது பாடசாலைக் கணக்கு ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், விற்றவரைக் கொண்டு அதை நீக்குவிக்கும்வரை வங்கிக் காரியம் எதையும் அதிற் செய்யாதீர்கள்.