கலைத் திருவிழா: திறமையை உள்ளே வைத்தது யார்?

பள்ளி அளவுப் போட்டிகளை முடித்து, தேர்வான பிள்ளைகளின் பெயரை எமிஸ் தளத்தில் ஏற்றக் கொடுத்த கெடு நெருங்கிவிட்டது. கெடு நெருங்க நெருங்கக் கடிதங்களும் குவிகின்றன. சென்னை கே.கே. நகரிலிருந்து வந்தவையே ஒரு கத்தை. இரண்டாம் வகுப்புப் பையனுக்கு மாறுவேடப் போட்டியாம், உடை யார் தருவார்கள் என்கிறார் ஒரு தாய். பக்கத்து வீட்டுப் பெண் பெரிய பள்ளியில் படிக்கிறாள், ஆறு வருடமாகப் பரதம் கற்கிறாள், என் மகள் அவளோடு மோத வேண்டுமா என்கிறார் இன்னொருவர். எமிஸ் என்றால் புதுத் தேர்வா என்றும் ஒரு கடிதம்.

கலைத் திருவிழா என்றால் என்ன என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கப் போவதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் துறை நடத்தும் கலைப் போட்டி; 2022-23இல் ஆறாம் வகுப்பு முதல் உள்ளவர்களுக்கு ஆரம்பித்தார்கள். 2024-25இல் அது ஒன்றாம் வகுப்பு வரை இறங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளும் உள்ளே வந்தன. இந்தக் கட்டுரைக்கு அந்த அளவு போதும்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. இத்திருவிழாவைப் பற்றிய எந்த அரசு அறிவிப்பை எடுத்தாலும் 'வெளிக்கொணர்தல்' என்ற சொல் கண்ணில் படும். பிள்ளைகளிடம் ஒளிந்திருக்கும் திறமையை வெளியே கொண்டுவருவதாம். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே எடுக்க வேண்டுமென்றால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். தாளம் தப்பாமல் ஆடவும், சுருதி சேர்ந்து பாடவும், களிமண்ணை உடையாமல் பிடித்து உருவம் செய்யவும் யாராவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் அந்த யாரோ ஒருவர் யார்?

யாரும் இல்லை. இது ஆள் போடாததால் வந்த பற்றாக்குறை என்று நினைத்தால் தவறு. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

2009ஆம் ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. ஒரு பள்ளி பள்ளி என்று சொல்லிக்கொள்ள என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் அது: எத்தனை ஆசிரியர், எத்தனை அறை, கழிப்பறை, விளையாட இடம், நூலகம். பொழுதுபோகாத ஒரு மாலையில் இதை வாசித்துப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. அவர்கள் என்ன பாடம் நடத்துவார்கள் என்ற பேச்சே இல்லை, எல்லாமும்தான். அடுத்து ஆறு முதல் எட்டு வரை. இங்கே அறிவியலுக்கும் கணிதத்துக்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று பிரிக்கிறார்கள். பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் இருந்தால் கலை, உடல்நலமும் உடற்கல்வியும், தொழிற்கல்வி ஆகிய மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். 'கலை' என்ற சொல் அட்டவணைக்குள் நுழைவதே ஆறாம் வகுப்பில்தான்.

தமிழ்நாடும் அந்தக் கோட்டின் மேலேயே நடந்தது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்றவற்றுக்காக 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், ஆறு முதல் எட்டு வரை. சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்காருவது மட்டும் நின்றபாடில்லை. ஐந்தாம் வகுப்பு வரை அந்த அரை நாளும் கிடையாது.

இப்போது இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். போட்டி ஒன்றாம் வகுப்பு வரை இறங்கிவிட்டது. பயிற்றுநர் ஆறாம் வகுப்பிலேயே நிற்கிறார். நடுவில் உள்ள ஐந்து வருட இடைவெளியை யார் நிரப்புவது? ஈராசிரியர் பள்ளியில் நிரப்புபவர் ஐந்து வகுப்பையும் பங்குபோட்டுப் பார்க்கிற டீச்சர்தான். அவர் 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி பாடம் நடத்த வேண்டும். அதிலும் ஆட்டம், பாட்டு, பொம்மை எல்லாம் உண்டு, அதையும் அவர்தான் ஆட வேண்டும். காலையில் உணவுத் திட்டம் நடக்கிறதா என்று ஒரு கண், கைப்பேசியில் பதிவேற்றம் ஆனதா என்று இன்னொரு கண். ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும்தான் விலக்கு. பெயர் ஏற்றுவது கல்வி சார்ந்த வேலையா என்று எந்த டீச்சரிடமும் கேட்டுவிடாதீர்கள், வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

டீச்சரால் முடியாததை எங்கள் ஏரியாவில் தெருவே செய்கிறது. கே.கே. நகரில் மாலை ஆறு மணிக்கு நடந்தால் தெரியும். மாடிப்படி ஓரத்தில் பரதநாட்டியப் பலகை, அதன் கீழே கீபோர்டு, அபாகஸ், ஓவியம், இந்தி. ஒரே மாநகராட்சிப் பள்ளியில், ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள். ஒருத்தியின் அப்பா ஆட்டோ ஓட்டினாலும் எப்படியோ மாதப் பணம் கட்டி அவளை டான்ஸ் கிளாஸ் அனுப்புகிறார். இன்னொருத்தியின் அம்மா அதே நேரத்தில் மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். போட்டி நாளில் யார் பெயர் எமிஸில் ஏறும் என்று சொல்ல நடுவர் தேவையில்லை. ஏறிய பிறகு அது அரசுப் பள்ளியின் கணக்கில், 'வெளிக்கொணர்ந்த' திறமையாக நிற்கிறது. கொணர்ந்தது மாடிப்படிப் பலகைக்குக் கட்டிய பணம்.

மேடை வீண் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை மைக் முன்னால் நரிக்கதை சொல்லிவிட்டு இறங்கும்போது அதன் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கதை சொல்வதற்கும் வண்ணம் தீட்டுவதற்கும் கிளாஸ் அவ்வளவு தேவையில்லை; அந்தப் பிரிவுகளில் போட்டி கிட்டத்தட்ட நியாயமாகவே நடக்கும். உடையும் பயிற்சியும் கேட்கிற பிரிவுகளில்தான் சிக்கல்.

இந்தப் பாதையில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் மலையாளிகள். கேரளத்தில் மாநிலப் பள்ளிக் கலோத்ஸவம் 1957இலிருந்து நடக்கிறது. பணம், மேல்முறையீடு, பெற்றோர் சண்டை எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். கலாதிலகம், கலாப்ரதிபா என்று தனிப் பட்டம் கொடுத்து வந்ததை 2006 வாக்கில் கைவிட்டார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் போட்டியை உபமாவட்டத்தோடு முடித்துவிடுகிறார்கள். நாமோ முதல் வருடமே, 2023 ஜனவரியில், கலையரசன், கலையரசி பட்டங்களைக் கொடுத்துத் தொடங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிப் போட்ட சட்டையை நாம் எடுத்து இஸ்திரி போட்டிருக்கிறோம்.

இனி மிச்சக் கேள்விகள்.

தனியார் பள்ளிப் பிள்ளைகள் வருவார்களா? மாட்டார்கள், இது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டும்.

எமிஸ் தேர்வா? இல்லை, கல்வித் துறையின் இணையப் பதிவேடு.

அதில் பெயர் ஏறாவிட்டால்? அடுத்த நிலைக்கு அழைப்பு வராது. கெடுவுக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் கேட்டுவிடுங்கள், அதட்டலாக வேண்டாம்.

மாறுவேடத்துக்கு வடபழனி வாடகைக் கடைக்கு ஓட வேண்டுமா? வேண்டாம்; ஒரு துண்டு முண்டாசும் கண்மையால் வரைந்த மீசையும் இருந்தால் பாரதியார் வந்துவிடுவார்.

பிள்ளைக்கு விருப்பமில்லையென்றால்? விட்டுவிடுங்கள்.

கலைக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று எங்கே கேட்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில். அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு உங்களைப் போன்ற பெற்றோர், தீர்மானம் போடலாம்.

அதற்குச் சட்டத்தையே திருத்த வேண்டாமா? நாடாளுமன்றம் வரை போக வேண்டாம். 20ஆம் பிரிவின்படி மத்திய அரசின் ஓர் அறிவிக்கையே அட்டவணையை மாற்றிவிடும், மாநிலம் தானாகவே கூடுதலாக ஆள் போடுவதற்கும் தடையில்லை.

ஆறாம் வகுப்புக்குப் போனால் என் மகளுக்கு டிராயிங் மாஸ்டர் கிடைப்பாரா? அந்தப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்கு மேல் இருந்தால்.