ஒட்டுப் போர்வையிலிருந்து ஒரு பூவேலைக் கணக்கு

பழைய உடுப்புகளை வெட்டி, துண்டுகளைப் பொருத்திப் போர்வை தைப்பது உலகெங்கும் பெண்களின் கைவேலை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் முஸ்லிம், இந்துப் பெண்கள் தைக்கும் இத்தகைய போர்வைக்கு ‘ரல்லி’ என்று பெயர். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதுவே குயில்ட். புடவைத் துண்டை நேர்கோட்டில் வெட்டுவதும் தைப்பதும் இலகு. அதனால்தான் இவற்றில் சதுரமும் முக்கோணமும் அதிகம்.

இந்த வடிவங்களைக் குரோஸ் ஸ்டிச் எனும் குறுக்குத் தையலுக்குக் கொண்டுவருவது சிரமமில்லை. அந்தத் துணியே கட்டம் கட்டமாக நெய்யப்பட்டதுதானே. ஒரு சதுரக் கோட்டுக் கொப்பியும் நிறப் பென்சிலும் போதும்.

அமெரிக்கக் குயில்ட்களில் புகழ்பெற்ற ‘மரக்கட்டை வீடு’ அமைப்பை எடுத்துக்கொள்வோம். நடுவில் 4க்கு 4 கட்டத்தில் ஒரு சதுரம். அதற்குச் சிவப்பு நிறம் கொடுப்பது வழக்கம். வீட்டின் அடுப்புத் தீயைக் குறிக்கும் என்பார்கள். அதைச் சுற்றி 2 கட்ட அகலப் பட்டிகள்: மேலே 4 கட்ட நீளம், வலப்புறம் 6, கீழே 6, இடப்புறம் 8. இப்போது சதுரம் 8க்கு 8 ஆகிவிட்டது. இப்படி மூன்று சுற்றுப் போட்டால் 16க்கு 16.

மேற்புறமும் வலப்புறமும் வெளிர் நிறம். கீழும் இடமும் கடும் நிறம். எண்ணிப் பாருங்கள்: வெளிர் 108 தையல், கடும் நிறம் 132, நடு 16. மொத்தம் 256. கடும் நிற நூல் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேணும் என்பது தைக்க முன்பே தெரிந்துவிடும்.

இனித்தான் வேடிக்கை. இதேபோல் நான்கு சதுரங்களை, கடும் நிற மூலைகள் நடுவில் சந்திக்கும்படி திருப்பி வையுங்கள். ஒரு வைர வடிவம் எழும். ஒன்றுவிட்டொன்றைத் தலைகீழாக வைத்து அடுக்கினால் உழவுச்சால் போலச் சாய்ந்த வரிகள் ஓடும். சதுரம் ஒன்றுதான், திருப்பம்தான் வேறு. 16 சதுரங்கள் சேர்ந்தால் 64க்கு 64 கட்டம். அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள துணியில் அது நாலரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட.

நிறம் தெரிவதில் ஒரு விஷயம் முக்கியம். சிவப்பும் பச்சையும் வேறு நிறங்கள்தான். ஆனால் இரண்டும் ஒரே அளவு கடுமையாக இருந்தால் வடிவம் மங்கிப்போகும். நூல்களைச் சேர்த்து வைத்து, கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். அதில் பிரிந்து தெரிந்தால் துணியிலும் தெரியும்.

கடையில் அச்சடித்து விற்கும் மாதிரியைத் தைக்கும்போது கை மட்டுமே நம்முடையது. கணக்கும் நிறமும் வேறொருவருடையவை. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் எனும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், வீட்டாரின் குளிருக்காகத் தைத்த போர்வைகள், 2002இல் ஹூஸ்டன் நுண்கலை நூதனசாலையில் ஓவியங்கள்போலச் சுவரில் தொங்கின, தைத்தவர்களின் பெயர்களோடு. நம் வீடுகளில் ‘சும்மா பொழுதுபோக்கு’ என்று சொல்லப்படும் வேலையிலும் இதே கணிதமும் இதே கண்ணும் இருக்கின்றன.

ஆகவே, வரைந்த தாளை வீசிவிட வேண்டாம். ஓரத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். துணி நைந்துபோனாலும், பேத்தி ஒருத்தி அதை மறுபடி தைக்கலாம்.