யாரும் திறக்காத பொதி

டெபியன் லினக்ஸ் எனும் பணிசெயல் முறைமையின் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9ஆம் திகதி வெளியானபோது அதிலிருந்த மென்பொருள் பொதிகள் ஏறத்தாழ 70,000. இப்படியான செய்திகளோடு 'உலகமே கூடிச் செதுக்கியது' என்ற புகழுரையும் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பாதி விலைக்குத்தான் வாங்க வேண்டும். முடிவடையாத பணிசெயல் முறைமையைச் சாதாரணப் பாவனையாளர் ஓட்டிப் பார்ப்பதால் என்ன நடக்கிறது என்பது புகழுரையைவிடச் சுவையான விஷயம்.

புதிய பொதி முதலில் 'சிட்' எனும் நிலையற்ற கிளையில் விழும். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளைப் பிய்த்துப்போடும் பையனின் பெயர் அது; பொருத்தம்தான். அங்கிருந்து சோதனைக் கிளைக்கு ஏற்றிவிடுவது மனிதரல்ல, ஒரு நிரல். வழக்கமாக ஐந்து நாள் காத்திருக்கும். அவசரமென்றால் இரண்டு, ஆறுதலாகப் போகலாமென்றால் பத்து. தானியங்கிச் சோதனைகள் தேறி, புதிதாகக் கடுமையான வழு எதுவும் பதிவாகாமல், சார்ந்த பொதிகளும் ஒத்துப்போனால் பொதி ஏறிவிடும். 'நல்லது' என்று எவரும் சொல்லத் தேவையில்லை, குறை சொல்லாதிருந்தால் போதும். தேயிலை ஸ்டோரில் கொழுந்தைப் பரப்பிக் காற்றுவிட்டு வாட்டுவதைப் போலத்தானே என்று தோன்றும். ஆனால் கொழுந்து யாரும் பார்க்காவிட்டாலும் வாடும். யாரும் திறக்காத பொதிக்கோ ஐந்து நாளும் ஐந்து நொடியும் ஒன்றுதான். நிரல் மட்டும் அந்த மௌனத்தைத் தேர்ச்சி என்று கணக்கெழுதிக்கொள்ளும்.

தமிழுக்கு இடி விழுவது இங்கேதான். 'பூண்டுலோயா' என்று தட்டச்சிடுங்கள். எழுத்து ஐந்து; யுனிகோடு குறிகள் பத்து. 'லோ'வில் லகரம் முன்னும் ஓகாரக் குறி பின்னுமாக இரண்டே குறிகள் சேமிக்கப்படுகின்றன. திரையிலோ ஒற்றைக் குறி இரண்டாகப் பிளந்து, இரட்டைக்கொம்பு லகரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், கால் பின்னால். 'பூ'வும் 'டு'வும் மெய்யோடு உருகி வேறு வடிவம் எடுக்க வேண்டும். ஓர் ஊர்ப்பெயரே எழுத்துருவையும் வடிவமைப்பு நிரலையும் இத்தனை இடத்தில் உரசிப்பார்க்கிறது. தானியங்கிச் சோதனை இருக்கிறதே என்பார்கள். ஒருவர் முன்கூட்டி யோசித்து எழுதியதைத்தான் அது சோதிக்கும். இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகையைத் தமிழ்99 பழகிய சென்னைக்காரர் தொட்டுப்பார்க்கப் போவதில்லை.

 

ஆகவே நாமே ஓட்டிப் பார்க்க வேண்டும். கூலியில்லாத வேலை என்றதும் மலையகத்தில் முகம் சுளித்தால் அது நியாயம். இந்த மென்பொருளால் காசு பார்க்கும் கம்பனிகள் உண்டு என்பதும் மெய். ஆனால் அவற்றின் சம்பளப் பட்டியலில் தமிழ் எழுத்து உடைந்ததைக் கண்டுபிடிப்பவர் இருப்பார் என்று நம்பியிருக்க முடியாது. வீட்டிலிருக்கும் ஒரே கணினியில் பிள்ளையின் பாடவேலை இருந்தால் அதைத் தொட வேண்டாம். பென் டிரைவிலிருந்து ஓட்டினாலே போதும். இன்னொரு தடையும் இருக்கிறது. கொம்பு இடம்மாறியதை வெளியீட்டையே நிறுத்தும் வழுவாக எவரும் கருதாமல் போகலாம். ஆனாலும் எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, தட்டச்சிட்டது என்ன, திரையில் வந்தது என்ன என்று ஒரு படத்தோடு வழு அறிக்கை போனால், பராமரிப்பவருக்குத் திருத்த நேரமாவது கிடைக்கும். 13ஆம் பதிப்புக்கு 2025 மார்ச்சிலேயே மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் உறைநிலை படிப்படியாகத் தொடங்கிவிட்டது. அதன் இறுதிக் கட்டம் தாண்டி வந்த சிறுகுறை பெரும்பாலும் அடுத்த பதிப்பு வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம், வரிசையில் கிடக்கும்.