ஹெல்மெட் வாங்கியாச்சு, அப்புறம்?

"சார், நேத்து நைட்டு உங்கள இடிச்சிருப்பேன் சார்."

எங்கள் தெருமுனையில் ஆட்டோ போடும் அண்ணன் ஒருநாள் காலையில் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். முந்தின நாள் ராத்திரி எட்டு மணி இருக்கும், துரைப்பாக்கத்தில் அலுவலகம் முடிந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஏதோ கருப்பா அசையுதுன்னு மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது ஆள் என்று புரிந்தபோது கிட்ட வந்துவிட்டாராம். "ஹெல்மெட் போட்டிருந்தேனே அண்ணா" என்றேன். "நீங்க போட்டது எனக்கு எப்படி சார் தெரியும்? அதுவும் கருப்புதானே" என்றார்.

நாலைந்து கடை ஏறி இறங்கி, ரிவ்யூ எல்லாம் படித்து வாங்கிய ஹெல்மெட் அது. அதோடு பாதுகாப்பு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்கு நடுவில் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் மகள், ஜூனிலிருந்து ட்யூஷனுக்குத் தானே சைக்கிளில் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். திரும்பி வர எட்டரை ஆகும். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, சரி என்று சொல்லத் தைரியம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி, உட்கார்ந்து படிப்பது. படித்ததில் தேறியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹெல்மெட்டிலிருந்தே தொடங்குவோம். சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் இருப்பது நம்ம தெர்மாகோல்தான். டிவி வாங்கும்போது பெட்டிக்குள் வருமே, அதே இ.பி.எஸ். நுரை, அடர்த்தி மட்டும் அதிகம். அது உறுதியாக நிற்பதற்காக வைத்ததில்லை, நசுங்குவதற்காக வைத்தது. தலை தரையில் மோதும்போது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை, நிற்கும் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். பிளஸ் டூ இயற்பியல். தலை ஒரு மில்லிமீட்டரில் நின்றால் ஒரு கணக்கு, ஆறு மில்லிமீட்டரில் நின்றால் அதில் ஆறில் ஒரு பங்கு.

ஐரோப்பியத் தரமான இ.என். 1078 சோதனையில், ஹெல்மெட் மாட்டிய பொம்மைத் தலையை நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பின்மேல் விழ வைக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தலை உணரும் முடுக்கம் 250 ஜி-யைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 1999 முதல் கட்டாயமான சி.பி.எஸ்.சி. தரத்தில் உயரம் 2 மீட்டர், வரம்பு 300 ஜி. முதல் சோதனையின் வேகத்தில் தலை ஒரு மில்லிமீட்டரில் நின்றால், மேலே சொன்ன சூத்திரப்படி 1,500 ஜி வரும். அதை 250-க்கு இறக்கும் வேலையைத்தான் அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் தெர்மாகோல் செய்கிறது. நிஜமாகவே பெரிய வேலை. போடாமல் போகாதீர்கள்.

ஆனால் 5.42 மீட்டர் என்பது மணிக்குச் சுமார் 19.5 கிலோமீட்டர். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் ஆளின் தலை தரைக்கு வரும் வேகம் ஏறத்தாழ அதுதான். பள்ளம், மழைநீர் வடிகால் கம்பி, குறுக்கே ஓடும் நாய், இவற்றால் விழுவதை நினைத்து வகுத்த சோதனை. 40-இல் வரும் பஸ் அந்தச் சோதனையில் இல்லை. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு.

வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டே விஷயம். உள்ளே இ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. ஸ்டிக்கர் இருக்கிறதா? ஐ.எஸ். 4151 என்பது மோட்டார் வண்டிக்கானது, அதை இதில் தேட வேண்டாம். அடுத்து, அளவு. தையல் டேப்பால் புருவத்துக்குச் சற்று மேலே சுற்றி அளந்துகொண்டு போங்கள். வார் போடாமல் தலையை ஆட்டினாலும் ஹெல்மெட் நழுவக் கூடாது. புருவத்துக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி, அவ்வளவுதான். பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று உண்டு. உச்சியில் போனிடெயிலோ கொண்டையோ இருந்தால் ஹெல்மெட் பின்னால் சாய்ந்து நெற்றி முழுக்கத் திறந்துவிடும். தாழப் பின்னிய சடையோடு போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு தடவை பலமாக அடிபட்டால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழாது.

மஞ்சள் நிறத்தில் மிப்ஸ் என்று எழுதி விற்கிறார்களே, அது ஸ்வீடனில் உருவானது. தலை சாய்வாக மோதும்போது ஹெல்மெட் தலைமேல் 10-15 மில்லிமீட்டர் வழுக்கி, மூளை சுழல்வதைக் குறைக்கும் ஏற்பாடு. கையில் காசிருந்தால் வாங்கலாம். அந்தக் காசு வேறு எதற்குத் தேவை என்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

'மோட்டார் பைக் ஹெல்மெட்டையே போட்டா என்ன?' என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு கிலோவுக்கு மேல் கனம், காற்றுப் போக வழி குறைவு, காதும் அடைத்துக்கொள்ளும். மே மாதச் சென்னையில் மிதித்துப் பாருங்கள், இரண்டாம் நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் உளவியலாளராக இருந்த இயன் வாக்கர் 2006-இல் ஒரு சோதனை செய்தார். சைக்கிளில் தூரம் அளக்கும் சென்சார் பொருத்தி, பாதி நேரம் ஹெல்மெட்டோடும் பாதி நேரம் வெறுந்தலையோடும் ஓட்டி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தன்னை எவ்வளவு ஒட்டிக் கடந்தன என்று பதிவு செய்தார். ஹெல்மெட் போட்டபோது சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன. சோதனை நடந்த காலத்திலேயே அவரை ஒரு பஸ்ஸும் ஒரு டிரக்கும் இடித்தன; இரண்டு முறையும் ஹெல்மெட் போட்டிருந்தார். (நீளமான விக் வைத்துக்கொண்டு ஓட்டியபோது கூடுதல் இடம் கிடைத்ததாம். ஆராய்ச்சிக்காக மனிதர் எதையும் செய்வார்.) அந்தத் தரவை வேறு இருவர் மறுபடி ஆராய்ந்து, இந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதில்லை என்று எழுதினார்கள், வாக்கர் பதில் எழுதினார். 8.5 சென்டிமீட்டருக்காக யாரும் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். நான் எடுத்துக்கொண்டது வேறு: ஹெல்மெட் வேலை செய்வது விழுந்த பிறகு. அதற்கு முந்தைய சில நொடிகள் பின்னால் வருபவரின் கண்ணில் இருக்கின்றன.

அந்த நொடிகளைக் கணக்குப் போடலாம். 60-இல் வரும் கார் நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் 25 மீட்டர். நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்றால் நிற்க இன்னும் 24 மீட்டர். ஆக, 50 மீட்டருக்கு முன்பே நான் இருப்பது தெரிய வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, ஆள் என்று தெரிய வேண்டும்.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். கண்ணைப் பறிக்கும் அந்தப் பச்சை மஞ்சள் துணி வேறு, வெள்ளி நிறப் பட்டை வேறு. பச்சை மஞ்சள் சாயம், வெயிலில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கி நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது. ராத்திரியில் அந்தக் கதிர் கிடையாது, எனவே அது சும்மா ஒரு மஞ்சள் துணி. வெள்ளிப் பட்டையில் பொடிப் பொடியான கண்ணாடி மணிகள் இருக்கும். அவை விழுந்த வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறவிடாமல் வந்த திசைக்கே திருப்புகின்றன. ஹெட்லைட்டுக்குச் சற்று மேலேதான் டிரைவரின் கண் என்பதால் அவருக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். பகலுக்கு முன்னது, இரவுக்குப் பின்னது.

பட்டையை எங்கே ஒட்டுவது என்பதற்கும் விடை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோவன் வுட் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இது. மூடிய சாலையில் இரவில் டிரைவர்களை ஓட்டவிட்டு, சைக்கிள்காரரைக் கண்டுகொள்கிறார்களா என்று பார்த்தார்கள். கருப்பு உடையில் இருந்தவரைக் கண்டுகொண்டது 2 சதவீதம். வெறும் பளிச் நிற வெஸ்ட் 15. வெள்ளிப் பட்டை வெஸ்ட் 50. அதே வெஸ்டோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டினால் 90.

ஏன் கால்? மேலும் கீழும் போய்வரும் இரண்டு புள்ளிகளை மூளை சட்டென்று 'மனுஷன்' என்று படித்துவிடுகிறது. ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இலேயே இருட்டில் மூட்டுகளில் மட்டும் விளக்கு வைத்து இதைக் காட்டியிருக்கிறார். அசையாத வெஸ்ட் வேறு எதுவாகவும் இருக்கலாம். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் வரிசையாக நிற்கும் தடுப்புகள் எல்லாவற்றிலும் அதே பட்டைதான்! இன்னொன்று, ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போட்டால் வெளிச்சம் முதலில் விழுவது கால் மட்டத்தில்.

நம்பாமல் வீட்டிலும் பார்த்தோம். குடியிருப்பின் பின்பக்கத் தெருவில் மகள் சைக்கிள் மிதிக்க, மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கருப்பு டி-ஷர்ட்டில் அவள் இருந்த இடமே தெரியவில்லை. வெள்ளைச் சட்டை கொஞ்சம் தேவலாம். கணுக்கால் பட்டை கட்டியதும் தெருவின் அந்தக் கோடியிலேயே இரண்டு கால் மிதிப்பது தெரிந்தது. "இது போதும்மா, வெஸ்ட் வேணாம்" என்று மகள் அங்கேயே சொல்லிவிட்டாள். அவள் பிரச்சினை வேறு: வெஸ்ட் போட்டால் ரோடு வேலை செய்கிறவர் மாதிரி இருக்கிறதாம்.

பட்டை, வெளிச்சம் விழுந்தால்தான் மின்னும். ஹெட்லைட் எரியாத வண்டிக்கு நம்மிடம்தான் விளக்கு வேண்டும். டென்மார்க்கின் ஓடன்ஸ் நகரில் சுமார் 3,800 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எப்போதும் எரியும் காந்த விளக்கு கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்குக் காயம்பட்ட விபத்துகள் 19 சதவீதம் குறைவு. பகலிலும் எரிந்த விளக்கு என்பதைக் கவனியுங்கள். அதே நாட்டில் 6,793 பேரிடம் மஞ்சள் ஜாக்கெட்டைச் சோதித்தபோது, மற்றவரோடு மோதிக் காயம்படும் விபத்துகள், தரவைத் திருத்திய பிறகும், 38 சதவீதம் குறைவு. இரண்டிலும் விபத்தைப் பற்றிச் சொன்னது ஓட்டியவர்களே. தவிர டென்மார்க் ரோட்டில் எதிர்த்திசையில் புல்லட் வராது. எண்ணை அப்படியே இங்கே ஒட்ட முடியாது, திசையை எடுத்துக்கொள்ளலாம்.

பின்விளக்கு சிமிட்ட வேண்டுமா? சிமிட்டினால் கண்ணை இழுக்கும், ஆனால் தூரத்தைக் கணிப்பது கஷ்டம். ஜெர்மனியில் சைக்கிளுக்குச் சிமிட்டும் விளக்கே அனுமதியில்லை. நாங்கள் சீட்டுக்குக் கீழே நிலையாக எரியும் ஒன்றும் ஹெல்மெட் பின்னால் சிமிட்டும் ஒன்றுமாக வைத்தோம். முன்விளக்கைத் தரை நோக்கிச் சாய்த்து வையுங்கள், எதிரே வருபவர் கண்ணைக் கூசவைத்துப் பயனில்லை. அந்தக் காலத்தில் டைனமோ எரியாவிட்டால் போலீஸ் பிடித்து டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அப்பா இன்னும் சொல்வார். இப்போது அப்படிப் பிடிப்பார் யாரும் இல்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையுறை வாங்குங்கள், விழும்போது உள்ளங்கைதான் முதலில் ஊன்றும். ராத்திரிக்கு நிறமில்லாத கண்ணாடி, தூசிக்கும் பூச்சிக்கும். வலது கைப்பிடியில் சின்ன ரியர்வியூ கண்ணாடி. துப்பட்டாவைப் பின் குத்துவது போதாது, சக்கரத்தில் மாட்டினால் கழுத்தோடு இழுக்கும். சைக்கிளில் இருக்கும்வரை பையில் வைப்பது என்று மகளிடம் பேசி முடித்தாயிற்று. முழங்கால் மூட்டுக்கவசம் வாங்கினேன், ரெண்டு நாளில் வியர்வையில் எரிந்தது, பரணில் கிடக்கிறது.

மகளுக்கு வாங்கிய வரிசை இதுதான்: முதலில் பின்விளக்கு, அப்புறம் கணுக்கால் பட்டை, மூன்றாவதாக மிப்ஸ் இல்லாத, ஸ்டிக்கர் உள்ள வெளிர் நிற ஹெல்மெட். என் கருப்பு ஹெல்மெட்டிலும் பின்னால் ஒரு பட்டை ஒட்டிக்கொண்டேன்.

ட்யூஷன் வழியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே கொஞ்ச தூரம் தெருவிளக்கே கிடையாது, இடப்பக்கம் தடுப்பு, ஒதுங்க இடமில்லை. அந்தத் துண்டுக்கு நான் படித்த எதிலும் பதில் இல்லை. இப்போதைக்கு அவள் உள்தெரு வழியாக ஆறு நிமிஷம் சுற்றிக்கொண்டு வருகிறாள்.