முப்பது ஆண்டுகளின் பின் ஒரு பல்

"பல் போனால் சொல் போச்சு" என்பது முன்னோர் வாக்கு. எமக்குச் சொல் போகவில்லை. பல்லைத் தாங்கிய தாடை எலும்பே கரைந்து போயிற்று. அதனை நாம் அறிய ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாமும் நடந்தோம். அங்கே கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று சீழ் கட்டியது. அடைத்துக் காப்பாற்ற வசதி இல்லை, பிடுங்கினார்கள். உயிர் தப்பியவர்க்கு ஒரு பல் பெரிதா என்றிருந்துவிட்டோம். பின்னர் ஆசிரியப் பணியை விட்டுச் சார்ஜாவுக்கு வேலைக்கு வந்தோம்.

அண்மையில் இங்குள்ள பல் வைத்தியர் ஒருவர் கதிர்ப்படத்தைக் காட்டி விளக்கினார். வேர் இல்லாத இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை. முதல் ஆண்டிலேயே அதன் அகலத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடும். பக்கத்துப் பல் சாயும். எதிர்ப்பல் வெற்றிடம் நோக்கி நீளும்.

டைட்டேனியம் உலோகத்துடன் எலும்பு ஒன்றிவிடும் என்பதை 1950களில் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனெமார்க் முயல்களில் கண்டார். 1965இல் மனிதருக்கு அதனையே செயற்கைப் பல்வேராகப் பொருத்தினார். நீண்டகாலம் கழித்து வருவோர்க்குப் பல சமயம் முதலில் எலும்புத் துகள் இட வேண்டும். அது ஆற நான்கு முதல் ஆறு மாதங்கள், வேர்த் திருகு ஒன்ற மேலும் மூன்று முதல் ஆறு மாதங்கள், அதன்பின்னரே பல். நீரிழிவைக் கட்டுப்படுத்தாதோர்க்கும் புகைப்போர்க்கும் திருகு ஒன்றாமற் போகும் அபாயம் அதிகம்.

இங்கேதான் எம்மவர் கவனிக்க வேண்டும். வளைகுடா நாடுகள் ஆறும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடாதவை. நாம் வாழ்வது வேலை விசாவில். வேலை போனால் நாட்டைவிட்டும் போக வேண்டும். எம்முடன் அறையில் இருந்த வவுனியா அன்பர் ஒருவர் திருகு வைத்த மூன்றாம் மாதம் வேலை இழந்து ஊர் திரும்பினார். திருகு எந்த நிறுவனத்தினது என்று அவர் கையில் ஒரு துண்டுக் குறிப்பும் இல்லை. ஒரு நிறுவனத்தின் திருகுக்கு இன்னொன்றின் உறுப்புகள் பெரும்பாலும் பொருந்தா. கொழும்பு வைத்தியர் பல் பொருத்த முடியாது தவித்தார்.

ஆகவே தொடங்குமுன் முழுச் செலவையும் முழுக் காலத்தையும் எழுத்தில் கேளுங்கள். குறைந்த கட்டணக் காப்புறுதிகளில் இச்சிகிச்சை பெரும்பாலும் அடங்காது. சார்ஜாவிலுள்ள பல்கலைக்கழகப் பல் மருத்துவமனை, அஜ்மானிலுள்ள தும்பே பல் மருத்துவமனை ஆகிய கற்பித்தல் நிலையங்களிலும் விசாரியுங்கள். விசா முடியும் நாள் அண்மித்திருந்தால், பக்கத்துப் பற்களில் தாங்கும் பாலப்பல் அல்லது கழற்றி மாட்டும் கட்டுப்பல் போதுமா என்று கேளுங்கள். திருகு வைத்த அன்றே நிறுவனப் பெயர், விட்டம், நீளம், தொகுதி இலக்கம் எழுதிய அட்டையையும் கதிர்ப்படப் பிரதியையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் ஒரே பையில் சுமந்து ஓடிப் பழகியவர்கள் நாம். அந்தப் பையில் இந்தச் சிறு அட்டைக்கும் இடம் இருக்கட்டும்.